மறு: ஜியோமெட்ரிடே அந்துப்பூச்சிக் குடும்பம், துணைக்குடும்பங்கள்: தமிழ்ப் பெயர்

> காவடிப்புழு என்ற சொல் உழவர்களிடம் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? காவடி அந்துக் குடும்பம் என்றே போட்டுவிடலாமே.

ஐயா, வணக்கம்.

நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஆமணக்குக் காவடிப்புழு என்று நம் வேளாண் துண்டறிக்கைகள் சொல்வது அக்கேயா ஜனாட்டாவை. அது எரிபிடே என்ற வேறு குடும்பம். அதற்கு வயிற்றுக் கால்கள், அதாவது பொய்க்கால்கள், கூடுதல்; அதனால் முதுகு பாதிதான் எழும்பும்.

ஜியோமெட்ரிடே புழுவுக்குப் பொதுவாக வயிற்றின் ஆறாம், பத்தாம் கண்டங்களில் மட்டுமே பொய்க்கால்கள். நடுவில் பிடிப்பே கிடையாது. மார்புக் கால்களால் குச்சியைப் பற்றிக்கொண்டு, வால்பக்கத்தை அதன் அருகே கொண்டுவந்து ஊன்றும். உடல் வில்லாக எழும். பிறகு முன்பக்கத்தை விட்டுவிட்டு, முழு நீளத்துக்கும் நீட்டி அடுத்த இடத்தைப் பிடிக்கும். நாம் சாண் போடுவது இப்படித்தானே? லின்னேயஸ் 1758இல் ஜியோமெட்ரா என்று வைத்ததும் நிலம் அளப்பவர் என்ற பொருளில்தான். நேராக நில அளவர் என்று பெயர்த்தால் தாலுகா அலுவலகம்தான் கண்முன் வரும். ஆகவே என் முன்மொழிவு: புழுவுக்குச் சாண்புழு, அந்துக்குச் சாணளப்பான்.

ஒரு தடை வரும், நானே சொல்லிவிடுகிறேன். வடக்குக் குளிர்நாடுகளில் பகலில் பறக்கும் ஆர்க்கியேரினே துணைக்குடும்பத்தின் புழுக்களுக்கு எல்லாப் பொய்க்கால்களும் உண்டு. அவற்றையும் சாணளப்பான் என்பதா? என்னலாம். கழுதைப்புலி கழுதையும் இல்லை, புலியும் இல்லை; பெயர் நிற்கிறதே. குடும்பத்தை அடையாளம் காண வயிற்றின் தொடக்கத்திலுள்ள செவிப்பறை இருக்கிறது. அதை வைத்துப் பெயர் சூட்டினால் யாரும் சொல்லமாட்டார்கள்.

துணைக்குடும்பங்களில் ஜியோமெட்ரினேக்கு மரகத அந்து என்பதில் சண்டை இருக்காது. பெரும்பாலும் பச்சை, வெப்பமண்டலத்தில் மிகுதி. லாரென்டினே குளிருக்குப் பழகியது. ஆண்டிஸ் போன்ற வெப்பமண்டல மலைகளிலும் மேலே போகப்போக இதன் பங்கு கூடுகிறது. ஆனால் மலை அந்து என்றால் சமவெளி இனங்கள் வெளியே நிற்கும். இறக்கையின் குறுக்கே ஓடும் நெளிகோடுகளைக் கொண்டு அலைவரி அந்து எனலாம். ஆயிரத்துக்கு மேல் இனங்கள் கொண்ட யூபிதீசியா பேரினம் இதில்தான் வருகிறது. அதன் ஹவாய் இனங்கள் பலவற்றின் புழுக்கள் குச்சிபோல் அசையாமல் நின்று, முதுகில் உரசும் ஈயைச் சட்டென்று பிடித்துத் தின்னும். சாண்புழுவில் இப்படியும் ஒரு வேட்டைக்காரன்!

எனோமினேயை இப்போதைக்கு எனோமினே என்றே விடுவோம். 23,000க்கு மேற்பட்ட இனங்களுள்ள குடும்பத்தில் ஏறத்தாழப் பாதி அதில்தான். மான்செஸ்டர் ஆலைப்புகையால் கருநிற வகை பெருகியதற்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படும் பிஸ்டன் பெட்டுலேரியாவும், அசாம், வடவங்காள டூவர்ஸ் பகுதித் தேயிலையை மொட்டையடிக்கும் ஹைப்போசிட்ரா தலாக்காவும் அங்கேதான் இருக்கின்றன. இத்தனையையும் கட்டிப்போட ஒரே அடையாளம் எனக்குத் தட்டுப்படவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம், சாணளப்பானா, சாண் அளப்பானா? தேடுபொறிக்குப் பிரித்தெழுதுவது வசதி. தலைச்சொல்லாகச் சேர்த்தே இருக்கட்டும் என்பது என் கட்சி.