புதுப்பிப்பு: போனில் ஆடும் கோல்ஃப் ஆட்டத்தில் இரவில் மட்டும் ஸ்கோர் கெடுவது ஏன்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு: பகலில் 70க்குள் முடிக்கிற அதே மைதானத்தில் இரவுப் போட்டி என்றால் 80ஐத் தாண்டுகிறேன் (கோல்ஃபில் எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் நல்லது), ஆட்டத்தை நடத்துகிறவர்கள் காசு கட்டாதவர்களை வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்களோ என்று கேட்டிருந்தேன்.

இணைய வேகம்தான் என்று பலர் சொன்னதால், கொக்குவிலில் மச்சான் வீட்டு ஃபைபரில் ஆடிப் பார்த்தேன். அதே கூத்து. பிறகு, "பற்றரி சேவரை நிறுத்திப் பாருங்கோ தம்பி" என்று ஒரு அண்ணை எழுதியதைச் செய்தேன். அதுதான் சரிவந்தது.

கடை பூட்டி வரும்போது பற்றரி அடியில் கிடக்கும். பற்றரியை மிச்சம்பிடிக்கிற அந்தச் சேவர் தானாகவே ஓடத் தொடங்கும். உடனே திரை 120 ஹேர்ட்ஸில் இருந்து 60க்கு இறங்குகிறது. அதாவது 8.3 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை மாறும் படம் 16.7க்கு ஒருமுறைதான் மாறும். திரையில் ஓடும் ஊசி நடுக்கோட்டைத் தொடும்போது விரலை எடுக்க வேண்டிய ஆட்டத்தில், ஊசியே தத்தித் தத்தி ஓடினால் பந்து மரத்துக்குள்தான் போகும்.

எதிர்பாராத ஒன்று: புளூடூத் இயர்போன். சத்தம் சற்றுப் பிந்தித்தான் காதுக்கு வருகிறது. சத்தத்தை வைத்து நேரம் பிடிப்பவர்கள் கழற்றிவிட்டு ஆடுங்கோ.

எதிராளிகள் நீண்ட பட் (குழியை நோக்கிப் பந்தை உருட்டும் அடி) எல்லாவற்றையும் குழிக்குள் போடுவதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான், அது வேறு கதை. சேவரை நிறுத்தியதும் சார்ஜரில் போட்டபடியே ஆடாதேயுங்கோ. போன் சூடேறினால் திரும்பவும் வேகம் குறையும்.