டோக்கன் கொடுப்பதற்கு முன்

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

சனி, காலை 8.10

கார்த்தி: ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்ககம் பார்த்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை, 62 லட்சம். நாளைக்குள் டோக்கன் முன்பணம் கொடுத்தால் கார் நிறுத்துமிடம் இலவசமாம்.

பெரியப்பா: கட்டுபவர் யார்? எப்படிப்பட்டவர்?

கார்த்தி: பெரிய பெயர், பெரியப்பா. எல்லாச் சேனலிலும் விளம்பரம் வருகிறது.

சித்தப்பா: விளம்பரத்தை நம்பி 2014இல் மனை வாங்கியவன் சொல்கிறேன், கேள். வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்தையும் மனையாக்கி விற்றுவிட்டார்கள். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் கிடையாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டதும் விற்கவும் வழியில்லை. அடுத்த ஆண்டு அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகு, வரன்முறைக் கட்டணத்தையும் நானே கட்டினேன்.

சித்தி: என் வளையல் போனதையும் எழுதுங்கள்.

பானு அக்கா: ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா, கார்த்தி?

கார்த்தி: இருக்கிறது அக்கா. சரிபார்த்துவிட்டேன்.

பானு அக்கா: நல்லது. ஆனால் எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலே பதிவு கட்டாயம். அதை நற்சான்றிதழ் என்று எண்ணிவிடாதே. விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால், முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்.

பெரியப்பா: அவர் முன்பு கட்டிய கட்டடம் ஏதாவது இருக்குமே. மாதிரி வீட்டைப் பார்த்தது போதும், அங்கே போய்க் காவலாளியிடம் பேசு.

சனி, மாலை 6.40

கார்த்தி: போய் வந்தேன். 2019இல் குடியேறிய கட்டடம். லிஃப்ட் கதவில் "பழுது" என்று ஓர் அட்டை. லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா: லேமினேஷனா! அப்படியென்றால் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

கார்த்தி: காவலாளி சிரித்துக்கொண்டே குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் காட்டிவிட்டார். சாவி 14 மாதம் தாமதம். நிறைவுச் சான்றிதழ் வராமல் வெகுநாள் தற்காலிக மின் இணைப்பிலேயே காலம் தள்ளினார்களாம். மூன்றாம் ஆண்டில் கூரைத் தளம் விரிசல் விட்டுக் கசிந்ததற்கு, "ஓர் ஆண்டுதான் பொறுப்பு" என்று கட்டியவர் சொல்லிவிட்டாராம்.

பானு அக்கா: கட்டுமானக் குறைக்கு 5 ஆண்டு பொறுப்பு என்று ரெரா சட்டமே சொல்கிறது.

கார்த்தி: அதைச் சொல்லித்தான் புகார் கொடுத்தார்களாம். தீர்ப்பும் சாதகமாக வந்தது. ஆனால் தார்ப்பாய் இன்னும் மொட்டை மாடியில் கிடக்கிறது.

பெரியப்பா: நம் வீட்டைக் கட்டிய மேஸ்திரி பத்தாவது வருடமும் மழைக்கு முன் வந்து மாடியைப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு விளம்பரப் பலகைகூடக் கிடையாது.

சித்தி: வந்தால் இரண்டு காபி குடிப்பார். அவ்வளவுதான்.

ஞாயிறு, இரவு 9.05

கார்த்தி: நான் டோக்கன் கொடுக்கவில்லை. இப்போது விற்பனைப் பிரிவிலிருந்து போன். எனக்காகச் சலுகையை அடுத்த ஞாயிறு வரை நீட்டித்திருக்கிறார்களாம்.

பெரியப்பா: நீயும் நீட்டித்துவிடு.