போன் அப்டேட் பிடிக்காமல் பழைய வெர்ஷனுக்குத் திரும்பியவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

கரூர்க்காரன்:
மூன்று வருடப் போன். ராத்திரி படுக்கும்போது புது ஆண்ட்ராய்டு அப்டேட்டைத் தட்டிவிட்டுத் தூங்கினேன். அதிலிருந்து, காலையில் பேட்டரி நூறில் எடுத்துப் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் முப்பது. கேமரா திறப்பதற்குள் பையன் சிரித்து முடித்துவிடுகிறான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சரி, பழையதற்கே போவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

பழையதைப் போட முதலில் பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது சாஃப்ட்வேரை ஏற்றிவிடும் பகுதி, பூட்டியிருக்கும்) திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்று தெரியும். படங்களை லேப்டாப்பில் இறக்கி, வாட்ஸ்அப்புக்கு பேக்கப் எடுத்தேன். அப்புறம் போனின் ரோல்பேக் எண்ணைப் பார்த்தேன், நல்லவேளை. அந்த எண்ணைவிடக் குறைந்த எண் உள்ள வெர்ஷனை போன் ஏற்காது. ஃபாஸ்ட்பூட்டில் (போனைக் கம்ப்யூட்டரில் இணைத்துக் கட்டளை கொடுக்கும் நிலை) கேட்டால் 4 என்றது. நான் இறக்கி வைத்திருந்த ஃபைலில் இருந்தது 3. ஏற்றியிருந்தால் போன் ஆனே ஆகாது, செங்கல்தான். எண் 4 உள்ள வேறொரு பழைய வெர்ஷனைத் தேடிப் பிடித்தேன்.

ஃபிளாஷ், அதாவது பழைய வெர்ஷனைப் போனில் ஏற்றும் வேலை, ஓடும்போது கேபிள் லூஸ். (எங்கள் வீட்டில் லூஸ் இல்லாத கேபிளே கிடையாது.) பின்னை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி ஏழு நிமிடம். பக்கத்தில் வைத்த காபியை எடுக்கக்கூட பயம், அசைந்துவிடுமோ என்று. அப்புறம் லோகோவிலேயே கால் மணி நேரம்.

வந்துவிட்டது! ஆப்பெல்லாம் போட்டு, வாட்ஸ்அப்பை மீட்டு, கடைசியாக பேங்க் ஆப்பைத் திறந்தால், போன் பாதுகாப்பாக இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. பூட்லோடரைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன். பூட்டினேன். பூட்டினாலும் எல்லாம் அழியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மணி நேர வேலை, மறுபடி முதலில் இருந்து. கம்பெனியின் ஒரிஜினல் ஃபைல் போட்டிருந்ததால் பூட்டவாவது முடிந்தது. கஸ்டம் ராம் (கம்பெனி அல்லாமல் வெளியாட்கள் செய்த ஆண்ட்ராய்டு) மேல் பூட்டிப் போனையே தொலைத்தவர்கள் உண்டு.

பேட்டரி? சாயங்காலம் வரை தாங்குகிறது.

நெல்லை அக்கா:
உனக்காவது எண்ணைப் பார்த்துத் தப்பிக்க வழி இருந்தது தம்பி. ஐபோனில் பழைய ஃபைல் கையில் இருந்தாலும் ஆப்பிள் சர்வர் அதற்குக் கையொப்பம், அதாவது ஏற்றலாம் என்ற ஒப்புதல், தர வேண்டும். புதுசு வந்து கொஞ்ச நாள்தான் பழையதற்கும் தருவார்கள், அப்புறம் நிறுத்திவிடுவார்கள். 2014 செப்டம்பரில் ஐபோனின் சாஃப்ட்வேரான ஐஓஎஸ் 8.0.1 வந்தபோது ஐபோன் 6-ல் சிக்னலும் கைரேகையும் போய், அவர்களே அதைத் திரும்பப் பெற்று, ஐடியூன்ஸ் என்ற கம்ப்யூட்டர் ஆப் வழியாக 8.0-ஐப் போடச் சொன்னார்கள். அது அபூர்வம்.

என் போனுக்கு ஒரு புது அப்டேட் வந்த நாலாவது நாளே முந்திக்கொண்டேன். பழையது ஜம்மென்று ஏறியது. ஆனால் பேக்கப் எடுத்தது புது வெர்ஷனில். அதைப் பழைய வெர்ஷனில் ஏற்ற முடியாது. அண்ணி வாட்ஸ்அப்பில் மாதாமாதம் அனுப்பிய சீட்டுக் கணக்கு அத்தனையும் போச்சு. வாட்ஸ்அப்புக்குத் தனியாக பேக்கப் போடாதது என் தப்புதான். எங்கள் வீட்டுக்காரர் ஆற அமர அடுத்த மாதம் உட்கார்ந்தார். கையொப்பம் கிடைக்கவில்லை, புதுசோடுதான் இருக்கிறார்.

தாம்பரம் பையன்:
எனக்கு அப்டேட் முடிந்த மறுநாள் திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. அப்டேட்தான் காரணம் என்று பழையதைப் போட்டேன். கோடு அப்படியே இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு போன் கடைக்காரர் போனை அணைத்துவிட்டு ஆன் செய்தார். லோகோ வரும்போதே கோடும் வந்தது. "பாத்தீங்களா, சாஃப்ட்வேரே இன்னும் முழுசா ஏறல, அதுக்குள்ள கோடு நிக்குது. இது டிஸ்ப்ளே" என்றார். டிஸ்ப்ளே விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கோட்டோடு பழகிவிட்டது.

புதியவன்:
அண்ணே, என்னிடம் இருப்பது பிக்சல் 6. இதை ஆண்ட்ராய்டு 12-க்குக் கொண்டுபோகலாமா?

கரூர்க்காரன்:
தம்பி, ஆண்ட்ராய்டு 13-க்கு வந்துவிட்டாய் என்றால் விட்டுவிடு. 2022 ஆகஸ்டில் 13 வந்தபோது கூகுளே சொன்னது: 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றிலும் பூட்லோடரின் ரோல்பேக் எண் கூடும், 12-க்குத் திரும்ப முடியாது. பழைய பூட்லோடரில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கத்தான் அது.

அக்கா, சீட்டுக் கணக்கு அண்ணி போனில் இருக்குமே, கேட்டுப் பார்த்தீர்களா?

நெல்லை அக்கா:
கேட்டேன். அவள் வாரம் ஒரு தடவை சாட்டையெல்லாம் அழித்துவிடுவாளாம்.