புதுப்பிப்பு: மேடையில் பேசி முடித்தாயிற்று

என் நூல் வெளியீட்டில் பேச வேண்டியிருப்பதை எண்ணி உறக்கம் கெட்டிருப்பதாகவும், எழுதிப் படிப்பதா குறிப்புகளோடு பேசுவதா என்று குழம்புவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். முழு உரையையும் எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது, தாளில் அழகாக நின்ற நீண்ட வாக்கியங்களில் பயனிலை வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுவது தெரிந்ததால், அவற்றை உடைத்து, தொடக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்து, மற்றவற்றைச் சிறு அட்டையில் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டேன். மேடையேறியதும், பதற்றத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின் தன் வேலையைக் காட்டியது: நா வறண்டது, அட்டை பிடித்த விரல்கள் நடுங்கின. அட்டையை மேசைமேல் வைத்த பிறகு அந்த நடுக்கம் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. பேச்சைவிட, அதன்பின் சூழ்ந்துகொண்டவர்களோடு நின்று உரையாடியதே (இதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை) என்னை அதிகம் களைப்படையச் செய்தது. அடுத்த அழைப்புக்கும் இசைந்திருக்கிறேன், பேசி முடித்ததும் சிறிது நேரம் தனியறை வேண்டும் என்ற நிபந்தனையுடன்.