பிரிசிஷன் = உள்ளொப்பு? (துல்லியம் இழையின் தொடர்ச்சி)

வணக்கம். அளவீட்டில் வரும் அக்யூரசி (accuracy), பிரிசிஷன் (precision) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடிய இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> அக்யூரசிக்குத் துல்லியம், பிரிசிஷனுக்கு நுட்பம். இதோடு முடித்துக்கொள்ளலாமே?

முடிக்கலாம்தான் ஐயா. ஆனால் ஆய்வகத்தில் ‘நுட்பம்’ இடறும். 0.0001 கிராம் வரை காட்டும் தராசை ‘நுட்பமான தராசு’ என்போம். எவ்வளவு சிறிய வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் அங்கே பேச்சு. அதே தராசில் ஒரே பொருளை ஐந்து முறை வைத்தெடுத்தால் ஐந்து எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது வேறு. பிரிசிஷன் இந்த இரண்டாவது. ‘செறிவு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் வேதியியலில் அதைக் கரைசலுக்குக் கொடுத்தாகிவிட்டது. ‘செறிவு அளவீட்டின் செறிவு’ என்று எழுத நேரும் மாணவன் பாவம்.

கல்லூரி முதலாண்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை 4 கிராம் நிறுத்து, ஒரு லிட்டராக்கி, 0.1 நார்மல் (கரைசலின் செறிவுக்கான அலகு) என்று சீட்டு ஒட்டினேன். 20 மில்லி அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்துத் தரம்பார்த்தேன், அதாவது அதை நடுநிலையாக்க என் காரக்கரைசல் எத்தனை மில்லி செலவாகிறது என்று அளந்தேன். பியூரெட்டில் 20.8, 20.8, 20.8. மூன்றும் ஒன்றே! பெருமையாக நோட்டை நீட்டினேன். பக்கத்து மேசைக்காரனுக்கு 19.8, 20.1, 20.2 என்று அலைந்தது. கடைசியில் அவன் விடைதான் சரி. அவன் தன் காரத்தை முதலில் செறிவு உறுதியாகத் தெரிந்த ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்த்து வைத்திருந்தான். நானோ நிதானமாக நிறுத்துக்கொண்டிருக்கையில் வில்லைகள் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசகசத்துவிட்டன. என் 4 கிராமில் கொஞ்சம் தண்ணீர். கரைசல் உண்மையில் 0.096 பக்கம்தான் இருந்திருக்கும். இதை இன்னும் நாற்பது முறை செய்து சராசரி எடுத்தாலும் 20.8 அசையாது. அவன் தடுமாற்றமோ, நான்கு முறை செய்தால் சராசரியில் பாதியாகும்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் சொல் வேண்டும். அளவீட்டு முறைகளின் துல்லியம் பற்றி 1994இல் வந்த பன்னாட்டுத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 5725 இதற்குக் கைகொடுக்கிறது. அதில் அக்யூரசி ஒரு குடைச்சொல். அதன் கீழே ட்ரூனெஸ் (trueness, அளவீடுகளின் சராசரி மெய்ம்மதிப்போடு ஒத்திருப்பது), பிரிசிஷன் (அளவீடுகள் தங்களுக்குள் ஒத்திருப்பது) என்று இரண்டு. ஆகவே ‘துல்லியம்’ குடையாகவே இருக்கட்டும். பேச்சுவழக்கில் அது ஏற்கெனவே இரண்டையும் சுமக்கிறது, அதைப் பிடுங்க வேண்டாம். கீழே உள்ளவற்றுக்கு என் முன்மொழிவு: ட்ரூனெஸ் = மெய்யொப்பு, பிரிசிஷன் = உள்ளொப்பு. (துல்லியத்தின் வேரான வடமொழி ‘துல்ய’ என்பதற்கும் ‘ஒத்த’ என்றே பொருள். இதைப் பிறகுதான் கவனித்தேன்.)

> ‘உள்’ எதற்கு? ‘நெருக்கம்’ என்றால் போதாதா?

எதோடு நெருக்கம் என்ற கேள்வி வரும். மெய்ம்மதிப்போடும் நெருங்கலாம், தங்களுக்குள்ளும் நெருங்கலாம். அம்பும் வட்டமும் போட்ட படத்தை எல்லோரும் பாடம் நடத்தக் காட்டுகிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை. படத்தில் நடுப்புள்ளி தெரிகிறது. ஆய்வகத்தில் தெரியாது, சுவரில் அம்புகள் மட்டும்தான். என் மூன்று எண்களை வைத்துக்கொண்டே உள்ளொப்பை நானே கணக்கிடலாம், எண்களின் சிதறலைச் சொல்லும் திட்டவிலக்கம் போதும். மெய்யொப்பை அறிய வெளியிலிருந்து ஒன்று வரவேண்டும்: தரப்படுத்திய கரைசலோ, சான்றளித்த மாதிரியோ, வேறொரு முறையோ. ‘உள்’ அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது.

அடைமொழி தாங்குகிறதா என்றும் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே கருவி, குறுகிய நேரம் என்றால் ‘ஒருகூட உள்ளொப்பு’. வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் என்றால் ‘பல்கூட உள்ளொப்பு’. முதலாவது காதுக்கு அவ்வளவு நன்றாக இல்லை. ‘ஒருகூட இல்லை’ என்பது போல ஒலிக்கிறது. மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், பயஸ் (bias), அதாவது என் 20.8 போல அளவீடுகள் எல்லாம் ஒரே பக்கம் விலகி நிற்பது. ‘சாய்வு’ வேண்டாம், அளவுத்திருத்தக் கோட்டின் சரிவை ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறோம். துலாக்கோல் ஒரு பக்கம் கோடுவதை வைத்துக் ‘கோட்டம்’ என்று யோசிக்கிறேன். வருவாய்க் கோட்டம் குறுக்கிடும் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். அதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?