சொந்தத் தோப்பு மரத்தைப் பலகையாக்க யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் தோப்பில் நன்கு முற்றிய தேக்கும் மகோகனியும் நிற்கின்றன. வெட்டி அறுத்து ஒரு சாப்பாட்டு மேசையும் கட்டிலும் செய்ய வேண்டும். அனுமதி வாங்கியாயிற்று, வெட்டுவதற்கும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். கவலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் வெட்டியது சாய்ந்து வளர்ந்த தேக்கு. வெட்டுமுகத்தில் வளையங்களின் மையம் நடுவில் இல்லை. கீழ்ப்பக்கம் ஒதுங்கி, மேல்பக்கத்து வளையங்கள் மட்டும் அகலமாக இருக்கின்றன. இப்படிப்பட்ட மரத்தில் விசை தங்கியிருக்கும், அறுத்ததும் பலகை வில்லாக வளையும் என்று தெரியும். இதை மேசைப் பலகைக்கு நம்பலாமா, இல்லை கால், சட்டம் என்று சிறு துண்டுகளாக்குவதுதான் நல்லதா? வைரம் நன்றாகப் பாய்ந்திருக்கிறது, வீணாக்க மனம் வரவில்லை.

வெடிப்பு ஓடாமல் இருக்க இரு முனைகளிலும் மெழுகு பூசிவிட்டேன். அப்புறம், காயவைப்பது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மேசைக்கு இரண்டு அங்குலம் வேண்டும். அறைக்குள் வைக்கும் சாமான்களுக்கு ஈரப்பதம் பொதுவாக 8 முதல் 12 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பதால், நிழலில் பலகைகளுக்கு இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கிக் காத்திருப்பதா, பாதி காய்ந்ததும் மரம் உலர்த்தும் சூளைக்கு அனுப்புவதா?

இரண்டையும் செய்து பார்த்தவர்கள், முக்கியமாகத் தச்சு வேலை செய்பவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் பதில் பார்த்துத்தான் அறுவை மில்லுக்குக் கனம் சொல்லப் போகிறேன்.