டப் ரிக்கார்டுல பேஸ் எங்க போச்சு? ஒரிஜினல் வாங்கவா, ரீஇஷ்யூ வாங்கவா?

பாளை_ரேடியோசெட்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பாளையங்கோட்டைக்குக் கெழக்க சீவலப்பேரி பக்கம் ஒரு கிராமம். எங்கப்பா முப்பது வருசத்துக்கு மேல ரேடியோ செட் வச்சிருந்தாவ, கோயில் கொடை, கல்யாணம், சடங்கு எதுன்னாலும் கொழாய் கெட்டி ரிக்கார்டு போடுதது அவியதான். தொழில விட்டு ரொம்ப நாளாச்சு, ஆனா ஆம்ப்ளிஃபையரும் 15 இஞ்சு ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் இன்னும் தொடச்சு மச்சுல வச்சிருக்காவ.

எனக்கு டப் பழக்கம், அதாவது பதிஞ்ச ஜமைக்கா ரெகே பாட்டுல குரலக் கொறச்சு எதிரொலி சேத்து மறுபடி மிக்ஸ் பண்ணுத இசை, பெங்களூர்ல வேலை பாக்கும்போது வந்தது. ரூம்ல கூட இருந்த பையன் ஒரு நாள் ராத்திரி ஜமைக்கா சவுண்டு இஞ்சினியர் கிங் டப்பி மிக்ஸ் பண்ணுன பாட்டு ஒண்ணு போட்டான். பாடுதவர் ஒரு வரி பாடுதாரு, பாதில குரல் காணாமப் போவுது, டிரம்மும், அடில கனமா ஓடுத பேஸ் சத்தமும் மட்டும் நடக்கு, பொறவு எங்கயோ இருந்து அதே குரல் எதிரொலியோட திரும்ப வருது. ஒடம்பு சிலுத்துட்டு எனக்கு. சின்னப் பிள்ளைல பக்கத்து ஊர் கொடைக்குப் போவ விடமாட்டாவ, முத்தத்துல கட்டில்ல படுத்துக் கெடந்தே கேப்பேன், காத்து மாறுச்சுன்னா பாட்டுக் கொரலு போயிரும், மேளம் மட்டும் வரும், காத்து திரும்புனா அடுத்த சரணம் பாதில ஓடிக்கிட்டு கெடக்கும். அதே மாதிரி ஒரு மனுசன் மிக்ஸர் முன்னால உக்காந்து கையால பண்ணிருக்காரு. அன்னைல இருந்து இத ரிக்கார்டா வாங்கி அப்பா செட்டுல கேக்கணும்னு ஆசை.

மூணு மாசத்துக்கு முன்ன புதுசா ஒரு டர்ன்டேபிள் வாங்குனேன், ஆடியோ டெக்னிகா காட்ரிட்ஜ் (ஊசி மாட்டுத பாகம்) போட்டது. கூடவே அகஸ்டஸ் பாப்லோவோட ‘கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ ரீஇஷ்யூ, அதாவது பழைய ரிக்கார்ட மறுபடி அடிச்சது, ஒண்ணு ஆன்லைன்ல. 180 கிராம்னு ஸ்டிக்கர் ஒட்டிருந்தது, கைல எடுத்தா நல்ல கனம். போட்டா பேஸே இல்ல! தகர டப்பால தட்டுன மாதிரி இருக்கு, சத்தமும் கம்மி. அதே பாட்ட போன்ல இருந்து அதே ஆம்ப்ளிஃபையருக்குக் குடுத்தா பேஸ் வருது. போதாததுக்கு ரெண்டாவது பக்கத்துல ஒரு பாட்டுல சரசரன்னு கீறல் சத்தம், ரிக்கார்ட ரெண்டு வாட்டி கழுவியும் போகல. அப்பா கேட்டுட்டு “ஏல, இது ரிக்கார்டுல இருந்தே எடுத்த ரிக்கார்டுல்லா”ன்னு சொல்லுதாவ.

ஒரிஜினல் ஜமைக்கா பிரஸ்ஸிங் (அந்தக் காலத்துலயே அங்க அடிச்ச தட்டு) வெளிநாட்டுல ஒருத்தர் விக்காரு, என் ஒரு மாசச் சம்பளம் கேக்காரு. துணிஞ்சு வாங்கிரலாமா? இல்ல வேற நல்ல ரீஇஷ்யூ இருக்கா? புதுசா வாரதுலயும் கேக்க வேண்டியது எதுன்னு சொல்லுங்க.

ஊசிமுனை:

தம்பி, மொதல்ல அப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. கீறல் சத்தம் விசயத்துல அவிய சொன்னதுதான் சரியா இருக்கணும். ஜமைக்கால அந்தக் காலத்து மாஸ்டர் டேப்பு, அதாவது ஸ்டூடியோல பதிஞ்ச மூல டேப்பு, நெறைய இப்ப கெடையாது, டேப்பு வெல கூடன்னு அதுமேலயே திரும்பப் பதிஞ்சிட்டாவ, மிச்சம் மழையிலயும் புழுக்கத்துலயும் போயிட்டு. அதனால ரீஇஷ்யூ போடுதவங்க சில சமயம் சுத்தமான பழைய ரிக்கார்டு ஒண்ணத் தேடிப் புடிச்சு அதுல இருந்து எடுக்காவ. அது தப்பில்ல, பொறுமையா பண்ணுனா நல்லாவே வரும். ஆனா உரிமையும் வாங்காம டேப்பும் பாக்காம கிடைச்ச காப்பில இருந்து அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டி விக்கவனும் இருக்கான். கழுவுன பொறவும் கீறல் ஒரே எடத்துல வருதுன்னா, ஒங்க ரிக்கார்டுல ஊசி பட்ட கீறலும் கண்ணுக்குத் தெரியலன்னா, அது உள்ளயே பதிஞ்ச சத்தம்.

180 கிராம்ங்கிறத நம்பி வாங்காதீங்க. கனமா இருந்தா லேசுல வளையாது, அவ்வளவுதான், பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஊசி ஓடுத வரிய எதுல இருந்து எடுத்து வெட்டுனாவ, யாரு வெட்டுனாவ, ஒரு பக்கத்துல எத்தன நிமிசம் திணிச்சிருக்காவ, இதத்தான் பாக்கணும். கனமான பேஸுக்கு வரி அகலமா ஓடணும், எடம் வேணும். 25 நிமிசம் ஒரே பக்கத்துல போட்டா சத்தத்தயும் பேஸயும் கொறச்சுத்தான் வெட்ட முடியும். ரிக்கார்ட டியூப் லைட்டுக்குக் கீழ சாச்சுப் பாருங்க, பேஸ் நல்லா வெட்டுன தட்டுல வரி நெளிஞ்சு நெளிஞ்சு, நம்ம தாமிரவருணில தண்ணி வத்துன பொறவு மணல்ல தெரியும்லா அலை, அது மாதிரி கண்ணுக்கே தெரியும்.

ஒரிஜினலுக்கு ஒரு மாசச் சம்பளம் போடாதீங்க, நான் கெஞ்சியே கேக்கேன். ஜமைக்கா பிரஸ்ஸிங் பலது நடு ஓட்டை தள்ளி இருக்கும், இரைச்சல் இருக்கும், சவுண்ட் சிஸ்டம்காரங்க, அதாவது அந்த ஊர் ரேடியோ செட்டுக்காரங்க, தேய தேய ஓட்டுன காப்பிதான் முக்கால்வாசி விக்க வரும். அது வரலாறு, கைல தொட்டுப் பாக்க சந்தோசம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா ஒங்களுக்கு வேண்டியது பேஸ்லா.

அம்பை45:

அண்ணாச்சி, ரேடியோ செட் வீட்டுப் பிள்ளைன்னு சொன்னதும் எனக்கு எழுதாம இருக்க முடியல. நான் கேக்குதது டப்ப விட, ரெகேக்கு முந்தி ஜமைக்கால ஓடுன ஸ்கா இசைதான் அதிகம். கிங்ஸ்டன்ல 1950-கள்ல நடந்தது அப்படியே நம்ம ஊர் கொடை மாதிரிதான், தெருவுல பெட்டிய அடுக்கி வச்சு எந்தச் செட்டு பெருசுன்னு போட்டி. காக்ஸன் டாட் கரும்பு வெட்டப் போன அமெரிக்கால இருந்து ரிக்கார்டு கொண்டாந்து போட்டவரு, எதிர்செட்டுக்காரன் பேரத் தெரிஞ்சுகிடக் கூடாதுன்னு லேபிளயே சொரண்டிருவாராம். அங்க இருந்து புதுப்பாட்டு வாரது கொறஞ்ச பொறவு தானே பதிய ஆரம்பிச்சாரு, 1963-ல ப்ரென்ட்ஃபோர்ட் ரோட்டுல ஸ்டூடியோ ஒன் தொறந்தாரு. ஸ்கடலைட்ஸ்ங்கிற ஸ்கா குழு 1964-ல சேந்து 1965-லயே கலைஞ்சிட்டாங்க, அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள வாசிச்சு வச்சிட்டுப் போனத இன்னைக்கு வரைக்கும் ரீஇஷ்யூ போட்டுத் தீரல. அந்தக் குழுல டான் டிரம்மண்ட் டிராம்போன் வாசிக்கது கேட்டா எனக்கு எங்க ஊரு நாதஸ்வரக்காரர் ராத்திரி கடைசில தனியா இழுக்கது ஞாபகம் வரும்.

எடுத்த உடனே கேக்கணும்னா லண்டன் சோல் ஜாஸ் ரிக்கார்ட்ஸ் போட்ட ஸ்டூடியோ ஒன் தொகுப்பு வாங்குங்க, சின்ன ரிக்கார்டுன்னா டோக்கியோல டப் ஸ்டோர்னு ஒரு கம்பெனி, பழைய ஸ்கா, அதுக்கு அடுத்து வந்த ராக்ஸ்டெடி, இதோட 45 (நிமிசத்துக்கு 45 சுத்து ஓடுத சின்னத் தட்டு) எல்லாம் லேபிள் அச்சு மொதக்கொண்டு அக்கறையா போடுதாங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க, ஜமைக்கா 45 பலதுல நடு ஓட்டை பெருசு, 38 மில்லிமீட்டர். அடாப்டர் இல்லாம போட முடியாது. எங்க மாமா லேத் பட்டறைல அலுமினியத்துல ஒண்ணு கடைஞ்சு குடுத்தாவ, பிளாஸ்டிக் அடாப்டர விட அது ஆடாம உக்காருது, ஒரு நூல் தள்ளுனாலும் டிராம்போன் சத்தம் அலையுதது தெரியும்.

பொறவு, மச்சுல ரிக்கார்டு வைக்காதீங்க அண்ணாச்சி! போன சித்திரைல எனக்கு வந்த பார்சல கூரியர்காரங்க வெயில்ல போட்டு வச்சிருந்தாங்க, பிரிச்சா தட்டு அப்பளம் மாதிரி அலை அலையா இருந்தது, அழுகையே வந்துட்டு. தரைத்தளத்துல, சுவர ஒட்டாம, நிமித்தி வைங்க.

முத்துநகர்_வயரிங்:

ஊசிமுனை அண்ணன் சொன்ன பிரஸ்ஸிங் விசயம் எல்லாம் சரி, கீறலுக்கு அதான் காரணம். ஆனா பேஸ் இல்லாததுக்கு ரிக்கார்டு காரணமில்லன்னு நெனைக்கேன். கேள்விய இன்னொரு வாட்டி படிங்க. போன்ல இருந்து குடுத்தா பேஸ் வருது, டர்ன்டேபிள்ல இருந்து குடுத்தா சத்தமே கம்மி.

ரிக்கார்டு வெட்டும்போது பேஸக் கொறச்சு, கீச்சுன்னு வார ட்ரெபிளக் கூட்டித்தான் வெட்டுவாங்க, இல்லன்னா வரி அகண்டு பக்கத்து வரிய இடிச்சிரும். போடும்போது அதத் தலைகீழா திருப்பணும், அந்த வேலைய ஃபோனோ ப்ரீஆம்ப் பாக்கும். 1950-கள்ல இருந்து ஆர்ஐஏஏ கர்வ்னு எல்லாரும் இந்த ஒரே கணக்குதான். அப்பா காலத்து மைக் செட்டுல ஓடுனது கிரிஸ்டல், செராமிக் காட்ரிட்ஜ், அது நெறைய வோல்டேஜ் குடுக்கும், ஏறக்கொறைய அதுவே பேஸயும் சரிபண்ணிக்கிடும், அதனால நேரா ஆம்ப்ளிஃபையர்ல சொருகிருவாவ. இப்ப நீங்க போட்டிருக்கது மேக்னட் காட்ரிட்ஜ், சில மில்லிவோல்ட்தான் வரும். அப்பா பழக்கத்துல நேரா சொருகிருப்பாவ, சரியா? அப்படின்னா எந்த ரிக்கார்டு போட்டாலும் தகரச் சத்தம்தான்.

டர்ன்டேபிள் பின்பக்கம் குனிஞ்சு பாருங்க, சின்னதா ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், ஃபோனோ, லைன்னு ரெண்டு எழுதிருக்கும். லைனுக்குத் தள்ளுங்க. தள்ளுறதுக்கு முன்ன வால்யூம அடியோட கொறச்சிருங்க, ஸ்பீக்கர் போயிரும். சுவிட்ச் இல்லன்னா தனி ப்ரீஆம்ப் வாங்கணும். ஊசி தட்டுல அழுத்துத எடையும் பாத்துக்கிடுங்க, ஆடியோ டெக்னிகா விஎம்95 வகைன்னா 2 கிராம்.

பாளை_ரேடியோசெட்:

முத்துநகர் அண்ணே, ஒங்களுக்கு என்ன சொல்லுததுன்னு தெரியல. சுவிட்ச் இருந்தது, ஃபோனோலதான் கெடந்தது. அப்பாகிட்ட காட்டுனேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு வயர் ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துட்டு, “நம்ம காலத்துல இது கெடையாதுல்லா”ன்னாவ. வால்யூமக் கொறச்சு, லைனுக்குத் தள்ளி, மறுபடி மொதல்ல இருந்து போட்டோம். பேஸ் எறங்குச்சு பாருங்க, ஷெல்ஃபுல இருந்த செம்பு கிடுகிடுன்னு ஆடுது, அடுப்படில இருந்து ஆச்சி எந்திச்சு வந்துட்டாவ. அப்பா ஒண்ணும் பேசல, பெட்டி முன்னால குனிஞ்சு வலை மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டு ஒரு பாட்டு முழுசும் அப்படியே நின்னாவ. பொறவு சொன்னாவ, “இது வில்லுல கொடம் அடிக்கவன் மாதிரில்லா வாசிக்கான், விட்டு விட்டு அடிக்கான் பாரு”ன்னு. டப்பியும் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பாத்தவருதான், தானே செட்டு செஞ்சவரு, நாலு டிராக் டேப்ப (நாலு தனித்தனிப் பதிவு மட்டும் கொள்ளுத டேப்பு) வச்சுத்தான் இவ்வளவும் பண்ணுனாரு, 1989-ல வீட்டு வாசல்லயே சுட்டுட்டாவன்னு சொன்னேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தாவ.

அம்பை அக்கா, லேபிள் விசயத்தச் சொன்னேன், அப்பாவும் புதுப்பாட்டு வந்தா லேபிள் மேல வெள்ளைப் பேப்பர் ஒட்டிருவாவளாம்!

கீறல் மட்டும் அப்படியே இருக்கு. அதனால வேற காப்பி வாங்கத்தான் போறேன், ஒரிஜினல் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

ஊசிமுனை:

முத்துநகர் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. எங்க சொருகிருக்கீங்கன்னு நான் மொதல்லயே கேட்டிருக்கணும், மன்னிச்சுக்கிடுங்க.

ராக்கர்ஸ் அப்டவுனுக்கு அவசரப்படாதீங்க, அது எத்தனையோ லேபிள்ல வந்திருக்கு, வாங்குததுக்கு முன்ன கடைசி வரிக்கும் லேபிளுக்கும் நடுவுல கீறிருக்க எழுத்தப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அத வச்சுத்தான் எந்த வெட்டுன்னு தெரியும், ஜாக்கெட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

அதுவரைக்கும் அப்பாவுக்கு காங்கோஸ்ங்கிற ஜமைக்கா பாட்டுக் குழுவப் போட்டுக் காட்டுங்க, ‘ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்’, 1977, தயாரிப்பாளர் லீ பெர்ரி தன் வீட்டு வளவுல கெட்டுன பிளாக் ஆர்க் ஸ்டூடியோல எடுத்தது. அதுவும் நாலு டிராக்தான், ஆனா ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏத்தி ஏத்தி, மாடு கத்துத சத்தம் வரைக்கும் உள்ள வச்சிருப்பாரு, தொழுவத்துப் பக்கம் வளந்தவங்களுக்கு அது நேரா நெஞ்சுக்குள்ள போவும். ஐலண்ட்ங்கிற ரிக்கார்டு கம்பெனியோட பெர்ரிக்கு மனஸ்தாபம், அவங்க வெளியிடல, மொதல்ல ஜமைக்கால கொஞ்சம் காப்பிதான் வந்தது. மான்செஸ்டர்ல பிளட் அண்ட் ஃபயர்னு ஒரு லேபிள் 1996-ல முறையா எடுத்துப் போட்ட பொறவுதான் நெறைய பேரு கேட்டாவ. ரீஇஷ்யூன்னா எளக்காரமா பேசுதவங்களுக்கு நான் எப்பவும் இதத்தான் சொல்லுவேன், அந்த லேபிள் இல்லன்னா நானும் கேட்டிருக்க மாட்டேன். அதுக்குப் பொறவு விபி ரிக்கார்ட்ஸ் 2017-ல நாப்பதாவது வருசப் பதிப்பு போட்டாவ, அதப் பாருங்க.

புதுசு கேட்டீங்கள்லா, ஜமைக்கா பாடகர் ஹோரஸ் ஆண்டி 2022-ல ‘மிட்நைட் ராக்கர்’ போட்டாரு, ஆன்-யூ சவுண்ட் லேபிள்ல, ஏட்ரியன் ஷெர்வுட் தயாரிப்பு. எழுபது வயச தாண்டியும் குரல் ஒரு பிசிறு இல்ல. அதுக்கு டப் பதிப்பும் அதே வருசம் தனியா வந்தது. ரெண்டயும் சேத்து வாங்குனா ஒரே பாட்டு சிலத ரெண்டு மாதிரியும் அடுத்தடுத்துக் கேக்கலாம், டப்புன்னா என்னன்னு அப்பாவுக்கு ஒரு வார்த்த வெளக்க வேண்டாம். வெளிநாட்டுல இருந்து வரவச்சா டூட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேத்துக் கணக்குப் போட்டுக்கிடுங்க, மூணு நாலு ரிக்கார்டா சேத்து வாங்குனா தபால் செலவு கட்டும்.

பாளை_ரேடியோசெட்:

காங்கோஸும் ஹோரஸ் ஆண்டி ரெண்டும் ஆர்டர் போட்டுட்டேன் அண்ணே. ரிக்கார்ட எல்லாம் மச்சுல இருந்து கீழ எறக்கியாச்சு, அப்பா பழைய ரிக்கார்டு பெட்டியோட சேத்து. ஆடில எங்க ஊர் கொடை, மொத நாள் சாயங்காலம் கோயில்ல பாட்டு ஆரம்பிக்கதுக்கு முன்ன ஒரு மணி நேரம் எங்க வீட்டு முத்தத்துல பெட்டிய வச்சு இதப் போடலாம்னு அப்பாவே சொல்லுதாவ.

அம்பை45:

அப்ப நான் வாரேன் அண்ணாச்சி, 45 ஒரு பத்து கொண்டாரேன். மாமாகிட்ட சொல்லி ஒங்களுக்கும் ஒரு அடாப்டர் கடைஞ்சு வைக்கேன், ஒங்க டர்ன்டேபிள் நடுக்கம்பி எத்தன மில்லிமீட்டர்னு மட்டும் அளந்து சொல்லுங்க.